பதினெட்டாவது மெயில்

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேனேஜர் வெங்கடேஷ் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸ் வேலை மொத்தமும் சென்னைக்கு மாறிவிட்டது, இன்று மாலையோடு பழைய மெயில் பெட்டிகளை மூடிவிடுவார்கள், ஐந்து மணிக்குள் ஜெனிஷா லேப்டாப்பை ஒப்படைத்துவிட வேண்டும். பழைய மெயில்கள் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். பழசு எதுவும் புதிய பெட்டிக்கு வராது, தேவையும் இல்லை என்றார் அவர்.

ஜெனிஷாவுக்கு முப்பது வயது. வடக்குத்து என்னும் ஊரில் இருக்கும் அந்தத் தனியார் பட்டறையில் நான்கு வருடமாக ஆபீஸ் வேலை. பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் ஓடும் கன்வேயர்களின் உருளைகள் பழுதானால் இங்கே வரும். பேரிங் மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். வேலை போவது அவளுக்கு ஒரு மாதமாகவே தெரியும். அதற்காக அவள் கலங்கவில்லை. ஆனால் அந்த மெயில் பெட்டிக்குள் சிலம்பரசனின் புகார்கள் இருந்தன.

சிலம்பரசன் பேரிங் ஏற்றும் பிரஸ் மெஷினில் ஆபரேட்டர். அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அது கீழே இறங்க வேண்டும். கை அடியில் மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நவம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, ஒரு பட்டனிலேயே அது இறங்கிவிட்டது. இடது கையில் மூன்று விரல்கள் போயின.

விபத்து அறிக்கையை வெங்கடேஷ் சொல்லச் சொல்ல ஜெனிஷாதான் டைப் செய்தாள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ஒரு வரி. இயந்திரம் குறித்து முன்னதாகப் புகார் எதுவும் பெறப்படவில்லை என்று அடுத்த வரி. அந்த இடத்தில் அவளுடைய விரல்கள் நின்றன. வெங்கடேஷ் திரையைப் பார்க்காமல், டைப் பண்ணுங்க என்றார். பண்ணினாள். அன்றிலிருந்து அவளால் ஒரு இடத்தில் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. காரணமில்லாமல் எழுந்து போய் அலமாரி ஃபைல்களை அடுக்குவாள். தண்ணீர் பிடிக்கப் போய் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வருவாள். தினமும் ஒருமுறையாவது அந்தப் புகார் மெயில்கள் இருக்கின்றனவா என்று திறந்து பார்ப்பாள். இருக்கும். மூடிவிடுவாள்.

இன்று மாலைக்குப் பிறகு இருக்காது.

மேனேஜர் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்பது நாளாக விடாத மழை. முந்தின இரவே கரண்ட் போய்விட்டது. இன்டர்நெட் கேபிள் எங்கோ அறுந்து கிடந்தது. போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஆனால் மெயில்கள் ஏற்கெனவே லேப்டாப்பில் இறங்கியிருந்ததால் நெட் இல்லாமலும் திறந்தன. அவள் தன் சொந்தக் கணக்கில் ஒரு நோட்ஸ் செயலி வைத்திருந்தாள். மீட்டிங் குறிப்பு, பில் நம்பர், சர்ச் ஞாயிறு பள்ளிக்கான பாட்டு, எல்லாம் அதில்தான். மெயிலுக்கு மேலேயே அதற்கான பட்டன் இருந்தது. ஒரு தடவை அமுக்கினால் அனுப்பியவர் பெயர், தேதி, மணி, இணைப்புகள் எல்லாவற்றோடும் அந்த மெயில் அப்படியே ஒரு குறிப்பாகிவிடும்.

முதலில் போன் கேமராவில் திரையைப் போட்டோ எடுக்கலாமா என்றுதான் யோசித்தாள். போட்டோவை யாரும் ஜோடித்தது என்று சொல்லிவிடலாம். பென்டிரைவ் செருகும் துளைகளைக் கம்பெனி எப்போதோ பூட்டிவிட்டது. ஆகவே பட்டனை அமுக்கத் தொடங்கினாள்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி மெயில்தான் முதல் புகார். ஆபரேட்டர்கள் புகார் அனுப்ப ஒர்க்‌ஷாப்பில் தொடுதிரையுள்ள ஒரு பொது டேப் இருந்தது. சிலம்பரசன் அதில் பேசியே எழுதியிருந்தார். "பிரஸ் மெஷின் ஒரு பட்டன்லயே இறங்குது. இன்னிக்கி ரெண்டு வாட்டி ஆச்சு. ஆள் வச்சி பாக்கச் சொல்லுங்க." ஜெனிஷா அதைப் பத்து நிமிடத்தில் வெங்கடேஷுக்கு அனுப்பியிருந்தாள். மெஷின்களை நிறுத்தும் ஷட்டவுன் வரும்போது பார்க்கலாம் என்று அவர் பதில். பட்டன் சுவிட்சை மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் எழுதியது, அடுத்த மாதம் என்று மேனேஜர் எழுதியது, அடுத்த மாதமும் அதே பதில். இடையில் அந்த மெஷின் ஓடியதைக் காட்டும் தினசரி அறிக்கைகள். ஒவ்வொன்றையும் சேமிக்கும்போது திரையின் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் குறி வந்தது. ஆஃப்லைனில் சேமிக்கப்பட்டது, இணைப்பு வந்ததும் அனுப்பப்படும்.

பதினேழு மெயில்கள். காத்திருப்பவை பதினேழு என்று செயலி காட்டியது.

பதினெட்டாவது மெயில் நவம்பர் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. "மறுபடியும் ஆவுது. எனக்கு பயமா இருக்குது." அன்று மாலையே ஜெனிஷா அதைப் படித்துவிட்டாள். மறுநாள் ஆடிட். வெங்கடேஷ் சென்னையில் இருந்தார். முதல் புகாரை அனுப்பியபோதே, ஒவ்வொன்றுக்கும் மெயில் போட்டு ரெக்கார்ட் ஆக்காதீங்க என்று அவளிடம் சிடுசிடுத்திருந்தார். வியாழக்கிழமை திரும்பி வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு விபத்து. சிலம்பரசனை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, மதியம் ஒன்று நாற்பதுக்கு, அந்த மெயிலை அனுப்பினாள். அந்த நேரமும் அதில் பதிவாகியிருந்தது. வெங்கடேஷ் அதற்குப் பதில் எழுதவில்லை. மாலை அவள் மேசைக்கு வந்து நின்று, இது லேட்டா வந்திருக்கு, விட்டுடுங்க என்று மட்டும் சொன்னார். அவளைக் காப்பாற்றுவது போலத்தான் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த அறிக்கை.

அந்த மெயிலின் மேல் கர்சரை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு அதைச் சேமிக்காமலே மூடினாள்.

பேட்டரி பத்தொன்பது சதவீதம் இருந்தது. இங்கே கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் பையில் வைத்து ஸ்கூட்டியை எடுத்தாள். ஐந்து மணி வரை அது அவள் பொறுப்பில் உள்ள பொருள்தான். ஆனாலும் கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் ஏதாவது கேட்பார் என்று முதுகு விறைத்துக்கொண்டது. அவர் குடைக்குள்ளிருந்து கையை மட்டும் ஆட்டினார்.

ஆர்ச் கேட்டைத் தாண்டி சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் ரோட்டோர மரங்கள் கிளை ஒடிந்து கிடந்தன. அவர்கள் குவார்ட்டர்ஸில் கரண்ட் இருந்தது. அப்பா சைமன்ராஜ் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் பர்மனென்ட். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம். ஜெனிஷா சார்ஜரைச் செருகினாள். சிக்னல் வீட்டுக்குள் வரவில்லை. சார்ஜ் ஏறும்வரை சாப்பிடாமல் ஹாலுக்கும் கேட்டுக்கும் நடந்தாள். காம்பவுண்டு கேட் ஓரத்தில் போனில் இரண்டு கோடு வந்தது. கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் லேப்டாப்பை எடுத்துப் போய், ஷெட்டுக்குள் நின்ற ஸ்கூட்டியை அங்கே தள்ளி, சீட்டின் மேல் வைத்து, போனிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். தலைக்கு மேல் பலா மரம் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா குடையோடு வந்து திரைக்குப் பிடித்தார். என்ன செய்கிறாள் என்று கேட்டார். சொன்னாள். பதினெட்டாவதைப் பற்றிச் சொல்லவில்லை.

அவருக்கு அது பிடிக்கவில்லை. குரலை உயர்த்தாமல் பேசினார். "பாப்பா, இங்க இருக்கிற கான்ட்ராக்ட்காரங்க எல்லாருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியும். நாளைக்கு எவன் உனக்கு வேலை தருவான்? இன்னும் பதினாலு மாசத்துல இந்த குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுதான் பண்றியா?"

அவள் திரையைப் பார்த்தாள். பதினேழு, பதினாறு என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. பதினொன்றில் நின்றுவிட்டது. போனைத் தூக்கிப் பிடித்தாள், கேட்டுக்கு வெளியே நான்கு எட்டு வைத்தாள், திரும்பி வந்தாள். மறுபடி இறங்கியது. சைமன்ராஜ் கடைசிவரை குடையை எடுக்கவில்லை.

எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்ய, தன் போனில் அதே செயலியைத் திறந்தாள். பதினேழு தலைப்புகளும் வரிசையாக இருந்தன. சோதித்துப் பார்க்க நெட்டை அணைத்துவிட்டு ஒன்றைத் தொட்டாள். இந்தக் குறிப்பைப் பார்க்க இணைய இணைப்பு தேவை என்று வந்தது. வந்திருந்தது தலைப்பு மட்டும்தான். உள்ளே இருப்பது எங்கோ தூரத்தில் இருந்தது. நெட்டைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து, ஆஃப்லைனிலும் வைத்திரு என்பதைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். பிறகு நெட்டை அணைத்தாள். இப்போது திறந்தன. பதினேழும் திறந்தன.

மணி மூன்று ஐந்து. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சிலம்பரசனிடம் இதைக் கொடுத்துவிட்டால் தூங்கலாம் என்று நினைத்தாள். அவர் வீடு வடக்குத்தில்தான், பட்டறைக்குப் போகும் வழியிலிருந்து உள்ளே பிரியும் தெருவில். அப்பாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

விபத்துக்குப் பிறகு அவள் அங்கே போவது அதுதான் முதல் தடவை. சிலம்பரசனின் மனைவி மலர்விழி கதவைத் திறந்து, ஆபீஸ் ஆள் என்று தெரிந்ததும் ஒரு நொடி வழிவிடாமல் நின்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சிலம்பரசன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். ஜெனிஷா வந்த விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார்.

அவர் முதலில் கேட்டது வழக்கைப் பற்றியோ வேலையைப் பற்றியோ இல்லை. "நான் அனுப்பினேன்னு அதுல இருக்குதா மேடம்?"

ஜெனிஷா போனைத் திறந்து செப்டம்பர் மெயிலைப் படித்துக் காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜெனிஷாவுக்குப் பலதும் புரிந்தது. டேப் கம்பெனியுடையது, அவர் கையில் ஒரு நகலும் இல்லை. தான் புகார் சொன்னதை ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி, கேட்பவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். மலர்விழி அந்த மெயிலை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தாள்.

"ரெண்டாவது வாட்டியும் அனுப்பினேன் மேடம்," என்றார் சிலம்பரசன். "கை போறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி. அனுப்பினேனா, அனுப்பலாம்னு நெனச்சிகினே வுட்டுட்டனா, இப்ப எனக்கே வெளங்கல. படுத்துகினு அதையே யோசிக்கிறேன். அது இருக்குதா?"

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். ஐந்து மணிக்குமேல் அது உண்மையாகவும் ஆகிவிடும். ஜெனிஷா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருக்கு," என்றாள். "நீங்க அனுப்பினீங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நான் படிச்சேன். சாருக்கு அனுப்பல. அவர் வந்ததும் சொல்லலாம்னு வச்சிருந்தேன். உங்களுக்கு அடிபட்ட பிறகுதான் அனுப்பினேன்."

சிலம்பரசன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். மலர்விழிதான் கேட்டாள்.

"ரெண்டு நாளா அத வச்சிகினு இருந்தீங்களா?"

"ஆமாக்கா."

"படிச்சிட்டு?"

"படிச்சிட்டுதான்."

மலர்விழி அவள் முகத்தையே பார்த்தாள். வெளியே போ என்று சொல்வாள் என்று ஜெனிஷா நினைத்தாள். மலர்விழி அடுப்படிப் பக்கம் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது, அந்த மெயில் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பையில், லேப்டாப்பில் என்றாள் ஜெனிஷா. எடுங்க என்றாள் மலர்விழி.

கட்டிலின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்து, இருவரும் பார்த்திருக்க ஜெனிஷா அந்த மெயிலைத் திறந்தாள். சிலம்பரசன் குனிந்து தன் வார்த்தைகளை வாய்க்குள்ளேயே படித்தார். எனக்கு பயமா இருக்குது என்ற இடத்தில் நிறுத்தி, வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெனிஷா பட்டனை அமுக்கினாள். மஞ்சள் குறி வந்தது. காத்திருப்பவை ஒன்று.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. வாசலிலும் இல்லை. மணி நான்கு இருபது. மெயின் ரோடு பஸ் நிறுத்தம் பக்கம் போனால் எடுக்கும் என்றாள் மலர்விழி. கேட்காமலே உர மூட்டைச் சாக்கு ஒன்றை எடுத்து லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால் ஏறினாள். ஜெனிஷாவை நம்பி அனுப்ப அவள் தயாராக இல்லை. அது ஜெனிஷாவுக்கும் புரிந்தது.

தெருவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. ஸ்கூட்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை கிளம்பவே இல்லை. அதை ஒரு வீட்டு மதிலோரம் சாய்த்துவிட்டு இருவரும் நடந்தார்கள். மலர்விழி சாக்கை மார்போடு அணைத்து முன்னால் போனாள். ஜெனிஷா போனைப் பார்த்துக்கொண்டே பின்னால். ஒரு கோடு வந்தது, போனது. நான்கரை. நான்கு முப்பத்தெட்டு. மெயின் ரோட்டில் லாரிகள் இருபக்கமும் தண்ணீரை வீசிக்கொண்டு போயின. பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் போய் நின்றதும் போனில் மூன்று கோடு விழுந்தது.

லேப்டாப்பை சிமென்ட் பெஞ்சில் வைத்துத் திறந்தார்கள். பேட்டரி பதினான்கு. இணைந்தது. மஞ்சள் குறி சுற்றிக்கொண்டே இருந்தது. மலர்விழி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுற்றல் நின்று, குறி பச்சையானது. ஜெனிஷா தன் போனில் அதைத் திறந்து, ஆஃப்லைனில் வைத்துக்கொண்டாள். பிறகு அங்கேயே மலர்விழியின் போனுக்கும் பதினெட்டையும் அனுப்பினாள்.

"இது எங்கயும் காணாமப் போவாது இல்ல?" என்றாள் மலர்விழி.

"போகாதுக்கா. உங்க கையிலயும் இருக்கு."

மலர்விழி தலையசைத்தாள். நன்றி சொல்லவில்லை. சாக்கை உதறி மடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

ஜெனிஷா ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறி, ஐந்து மணி எட்டு நிமிடத்துக்குப் பட்டறைக்குள் நுழைந்தாள். வெங்கடேஷ் அவள் மேசையருகே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்க நனைந்திருந்தவளைப் பார்த்து, எங்கே போனீங்க என்றார். அவள் லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். ஒப்படைத்ததற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு, சிலம்பரசனின் மெயில்களையும் அதற்கு வந்த பதில்களையும் தன் கணக்கில் சேமித்திருப்பதாகச் சொன்னாள்.

வெங்கடேஷ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் களைத்துப்போன ஆளாகத்தான் தெரிந்தார்.

"நாலாம் தேதி மெயிலுமா?"

"அதுவும்தான் சார்."

"அதுல மாட்டறது நீங்கதான ஜெனிஷா."

"நாம ரெண்டு பேரும் சார்," என்றாள்.

கம்பெனி மெயிலை வெளியே எடுத்ததற்கு நோட்டீஸ் வரும் என்றார் அவர். வந்தது. அதற்கு அவளே பதில் எழுதினாள், ஒரு வக்கீலிடம் காட்டித் திருத்திக்கொண்டு.

தொழிலாளர் துறை விசாரணை ஜனவரி கடைசியில் கடலூரில் நடந்தது. அந்த அறையிலும் சிக்னல் இல்லை. ஆனால் ஜெனிஷாவின் போனில் பதினெட்டும் திறந்தன. பிரிண்ட் போட்டுக் கொடுத்ததையும் போனில் இருந்ததையும் அதிகாரி வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டார். புகார் வந்தது தெரிந்தும் வரவில்லை என்று ஏன் டைப் செய்தீர்கள் என்பதை மட்டும் மூன்று விதமாகக் கேட்டார். பயந்துதான் என்று மூன்று தடவையும் சொன்னாள். கவனக்குறைவு என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஏழு வாரம் பட்டன் சுவிட்சை மாற்றாமல் விட்டதற்கு வெங்கடேஷின் பெயரும், இரண்டு நாள் தாமதத்துக்கு ஜெனிஷாவின் பெயரும் அதில் இருந்தன. சிலம்பரசனை ஸ்டோர்ஸ் வேலையில் எடுத்துக்கொண்டார்கள். ஜெனிஷாவுக்கு அப்பா சொன்னபடியேதான் ஆனது. விண்ணப்பித்த இரண்டு கான்ட்ராக்ட் ஆபீஸ்களிலிருந்து பதிலே இல்லை. மே மாதம் பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் வேலை கிடைத்தது.

விசாரணை முடிந்த அன்று மூவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். சிலம்பரசன் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் ஜன்னலோரம் மலர்விழி. அவள் பக்கத்தில் அவள் பை. ஜெனிஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை ஷிப்ட் விட்டு ஒரே கூட்டம் ஏறியது. ஆட்கள் இடித்துத் தள்ளியதில் ஜெனிஷா அந்த சீட்டுக்கு அருகே வந்துவிட்டாள். மலர்விழி நிமிர்ந்து பார்த்தாள். பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாள்.

ஜெனிஷா உட்கார்ந்தாள். பண்ருட்டியில் பஸ் நின்றபோது, சிலம்பரசனுக்கு ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று ஜெனிஷா கேட்டாள்.

"இப்ப ஒரு வாரமா தூங்குறாரு," என்றாள் மலர்விழி, முன் சீட்டைப் பார்த்தபடியே.